லேபிளில் இருந்த பெண்

காலை பதினொன்று இருபதுக்குச் செய்தி வந்தது. நான் பள்ளி ஆசிரியர் அறையில் காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்பு, சமூக அறிவியல். மின்சாரம் இல்லை. 2012இல் காலை பத்து மணிக்குப் போனால் ஒரு மணிக்குத்தான் வரும். போனில் பேசியவர் சிங்காரம் அண்ணன், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் கணவர் வேலை பார்த்த அச்சகத்தின் முதலாளி. இருவரும் நெல்லிக்குப்பத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். அவர் என் கணவரை மச்சான் என்பார். அந்த முறையில் நான் அவருக்குத் தங்கச்சி.

"தங்கச்சி, கெளம்பி வாங்க. பாப்பாவயும் கூட்டிக்கினு வாங்க" என்றார்.

பாப்பாவையும் என்றதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கையில் இருந்த தாளுக்கு மதிப்பெண் கூட்டிப் போட்டுவிட்டு, எட்டாம் வகுப்பிலிருந்து என் மகள் மதியை அழைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தேன்.

சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு ஒன்றேகால் மணி நேரம். மதி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். குடிகாடு பக்கம் சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகளின் வாடை உள்ளே வந்ததும் வண்டியில் இருந்தவர்கள் வழக்கம்போல மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். என் கணவர் பதினான்கு வருடம் இதே பாதையில் தினமும் போய் வந்தவர். அகலப் பாதை வேலைக்காக ரயிலை நிறுத்தியிருந்த வருடங்களில் பேருந்தில் இடம் கிடைக்காமல் பெரும்பாலும் நின்றுகொண்டே போனார். தூக்கத்தில் இருந்தாலும் அந்த வாடை வந்தால் விழிப்பு வந்துவிடும், இறங்க இன்னும் இருபது நிமிடம் என்று தெரிந்துவிடும் என்பார்.

அன்று அவர் அச்சக வாசலில் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து கரண்டு வருவதற்காகக் காத்திருந்திருக்கிறார். எல்லோருக்கும் டீ சொல்லியிருக்கிறார்கள். டீ வந்தபோது சுவரில் சாய்ந்திருந்தாராம். தூங்குகிறார் என்று நினைத்து அவர் பங்கை மூடி வைத்துவிட்டார்கள்.

அவர் பெயர் செம்பியன். வயது நாற்பத்திரண்டு. ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் அதிகம் இல்லை. அவர் கையால் ஆனதைத் தெரிந்தவர்கள் ஏராளம், ஆனால் அது அவர் செய்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

பி.காம். முடித்துவிட்டு வேலை கிடைக்காத நாளில் கணினி வகுப்பில் சேர்ந்து கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளைக் கற்றுக்கொண்டார். அப்புறம் எல்லாம் அச்சகக் கணினி முன்னால் இருந்த நாற்காலிதான். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, மஞ்சள்தூள் உறை, பண்ருட்டி முந்திரி டப்பா, காதுகுத்து பேனர். இவற்றில் அவருக்குப் பிடித்தது லேபிள். பத்திரிகையை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், போஸ்டர் சுவர் முழுக்க இடம் பிடித்துக்கொள்ளும், லேபிள் மட்டும்தான் நாற்பது சரக்குக்கு நடுவில் வாயில்லாமல் நிற்கிறது என்பார். வருகிறவன் நிற்கிற மூன்று நொடிக்குள் அது அவன் கண்ணைப் பிடிக்க வேண்டும்.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் அவருக்குக் கடை அலமாரி. ஊறுகாயோ தேனோ, எந்த லேபிளானாலும் மாதிரியை வெட்டி ஒரு பாட்டிலில் ஒட்டி அதன் மேல் வைப்பார். சமையலறையிலிருந்து என்னைக் கூப்பிடுவார். நான் ஈரக்கையோடு வந்து வாசற்படியில் நிற்க வேண்டும். முதலில் கண்ணில் எது பட்டது என்று கேட்பார். எழுத்து என்றால் ஒரு மாதிரி முகம் போகும், படம் என்றால் ஒரு மாதிரி. பாட்டில் வளைந்தது, நேரே நின்று பார்க்கிறவனுக்கு லேபிளில் மூன்றில் ஒரு பங்குதான் தெரியும், சொல்ல வேண்டியதை அந்தப் பங்குக்குள் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. பலர் நீட்டி அகலமாகப் போட்டுவிட்டு, பாட்டிலைத் திருப்பினால்தான் பெயர் தெரிகிற மாதிரி செய்துவிடுவார்கள். அதையெல்லாம் கடைத்தெருவில் நின்று எனக்குக் காட்டுவார். மளிகைக் கடைக்காரர் நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்.

2005இல் லூர்துசாமி என்பவர் வந்தார். பாண்டியில் வில்லியனூர்ப் பக்கம் சின்னதாக ஒரு ஒயின் கம்பெனி வைத்திருந்தவர். சிவப்பாக, இனிப்பாக, விலை குறைந்த போர்ட் ஒயின். பெயர் பெல்ரோஸ். அவருடைய பழைய லேபிளில் தங்க நிறக் கட்டத்துக்குள் ஒரு திராட்சைக் கொத்து இருந்தது. கடை அலமாரியில் இருந்த ஒயின் எல்லாவற்றிலும் அதே கொத்துதான். வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் படிக்க வராது, பெயரைச் சொல்லிக் கேட்கவும் கூச்சம், விரலை நீட்டிக் காட்டினால் கடைக்காரர் எதையாவது எடுத்துக் கொடுத்துவிடுகிறார் என்று லூர்துசாமி சொன்னாராம். பெயர் தெரியாதவனும் கேட்டு வாங்குகிற மாதிரி ஒன்று வேண்டும்.

முகம்தான் வேண்டும் என்று இவர் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். முகத்தை யாரும் வேறொன்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் யாருடைய முகம்? நடிகை முகம் போட்டால் வழக்கு வரும். இணையத்தில் எடுத்தால் அது இன்னொருவனுடைய படம். ஒரு வாரம் யோசித்தார். பிறகு ஒருநாள் மாதிரி லேபிளை ஒட்டி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

கருஞ்சிவப்புப் பின்னணியில் ஒரு பெண். முக்கால்வாசித் திரும்பிய முகம், பக்கவாட்டில் எதையோ பார்த்துச் சிரிக்க ஆரம்பிக்கிறாள். தலையில் திராட்சை இலை செருகியிருந்தது. நான் அந்தப் பொண்ணு நல்லா இருக்கா என்றேன். கண்தான் முதலில் பட்டது என்றும் சொன்னேன். அவர் காதுமடல் சிவந்திருந்தது.

அப்போது மதிக்கு ஆறு வயது. விளையாடிவிட்டு உள்ளே வந்தவள் அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, நீ ஏன் பாட்டில்ல இருக்க?"

கல்யாணமான புதிதில் பிச்சாவரத்துக்குப் போயிருந்தோம். படகில் அவருடைய நண்பர் ஒருவர் எடுத்த படம், நான் கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் படத்தை ஸ்கேன் செய்து அதன் மேல் கோடு போட்டு வரைந்திருக்கிறார். என் பக்கவாட்டு முகம் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. கண்ணாடியில் யாரும் அப்படிப் பார்த்துக்கொள்வதில்லை. அவர் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பிடிக்காவிட்டால் மாற்றிவிடுகிறேன் என்றார். நான் இன்னொரு முறை பார்த்தேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"யாருக்குத் தெரியப்போவுது, வுடுங்க" என்றேன். பின்னால் எத்தனையோ பேசிக்கொண்டோம், ஆனால் இந்தச் சொல்லைச் சொன்னவள் நான்தான்.

அச்சடிக்கும்போது காகிதத்துக்காகச் சிங்காரம் அண்ணனோடு சண்டை போட்டார். தாளுக்கு நார் ஓடுகிற திசை என்று ஒன்று உண்டு. பின்பக்கம் பசை தடவினால் ஈரத்தில் தாள் நாருக்குக் குறுக்காக விரியும். நார் மேலும் கீழுமாக ஓடினால் லேபிளின் இரண்டு ஓரமும் பாட்டிலை விட்டுத் தூக்கிக்கொள்ளும். படுக்கைவசமாக ஓடுகிற மாதிரி வெட்டினால் ஒட்டிக்கொண்டு நிற்கும், ஆனால் தாள் வீணாகும். சிங்காரம் அண்ணன், குடிக்கிற பாட்டிலுக்கு எதற்கடா மச்சான் இவ்வளவு என்று தலையில் அடித்துக்கொண்டார். இவர் கேட்கவில்லை. நல்ல தாள், படுக்கைவச நார், மேலே வார்னிஷ். ஐஸ் பெட்டியில் கிடந்தாலும் அவள் முகம் சுருங்கக் கூடாது என்றார்.

லேபிள் ஓடியது. ஓடியது என்றால் லூர்துசாமியே பயந்துபோகிற அளவுக்கு. பெல்ரோஸ் என்ற பெயரை யாரும் சொல்லவில்லை. சிரிக்கிறவ ஒண்ணு குடு என்றுதான் கேட்டார்களாம். அதற்கு ஒரு காரணம் இருந்தது, அதை அவர் எனக்கு மட்டும் சொல்லியிருந்தார். அவள் பார்க்கிற திசையில் அடுத்த பாட்டில் இருக்கும். நான்கைந்து பாட்டிலை வரிசையாக வைத்தால் ஒருத்தி அடுத்தவளைப் பார்த்துச் சிரிப்பாள், அவள் அதற்கடுத்தவளைப் பார்த்து. கடைக்காரர்களுக்கு அது வேடிக்கையாக இருந்ததால் கண்ணுக்கு நேரான தட்டில் வரிசையாக அடுக்கினார்கள். லூர்துசாமி இவரை வரவழைத்து ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார். குடிக்காத மனிதர், மரியாதைக்காக ஒரு வாய் குடித்துவிட்டு வந்தார். இருமல் மருந்து மாதிரி இருக்கிறது என்றார். அவர் குடித்த ஒயின் மொத்தமே அந்த ஒரு வாய்தான்.

நிறைந்த பாட்டிலைப் பற்றித்தான் நாங்கள் இருவரும் யோசித்திருந்தோம்.

கடலூருக்கு வடக்கே கன்னியகோயில் வந்துவிட்டால் பாண்டி. அங்கே வாங்கி இங்கே கொண்டுவந்து குடிப்பது கடலூருக்குப் புதிதில்லை. ஆறு மாதத்துக்குள் காலிப் பாட்டில்கள் வர ஆரம்பித்தன. பெண்ணையாற்றங்கரையில், கருவேலம் புதரில், பேருந்து நிலையத்துக் கழிவறைக்குப் பின்னால். மற்ற பாட்டில்களில் ஒரு மழைக்கு லேபிள் கழன்று போய்விடும். இதில் போகவில்லை. சாக்கடையில் ஒரு மாதம் கிடந்தாலும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் அவர் எனக்குச் சொல்லவில்லை. ஒருநாள் யாரோ அவள் வாயில் சிகரெட்டால் சுட்டிருந்த பாட்டில் ஒன்றைப் பார்த்திருக்கிறார். அதைப் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டு பேருந்து ஏறிவிட்டார். அதற்குப் பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தார். சாப்பாட்டுப் பையிலேயே இரண்டு மூன்று வரும். வீட்டில் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, அப்படியும் வராமல், பழைய பிளேடால் சுரண்டுவார். "நல்ல பேப்பர்" என்பார், வேறு யாரோ போட்ட பேப்பர் மாதிரி.

எங்கள் பக்கத்து வீட்டு மங்கலம் அக்காவுக்கு எதுவும் தப்பாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"டீச்சர், சாரு தெனம் ரெண்டு உள்ள தள்றாரா? பாத்தா அப்டி தெரியலியே. நடையெல்லாம் நேராத்தான் இருக்குது."

நான் என்ன சொல்ல முடியும்? டாக்டர் சொல்லியிருக்கிறார், ரத்தம் ஊறுவதற்கு என்று ஏதோ உளறினேன்.

"அதான பாத்தேன். ஒயினுதான, வுடு. ஆனா காலி பாட்டில எதுக்கு கடலூரு ஆத்தோரமா பொறுக்கறாரு? எங்க வூட்டுக்காரரு பாத்துட்டு வந்து சொன்னாரு."

ஒரு மாதத்துக்குள் தெருவில் எல்லோருக்கும் அவர் குடிகாரர் ஆகிவிட்டார், அதுவும் அடுத்தவன் வைத்துவிட்டுப் போன கடைசிச் சொட்டைத் தேடுகிற குடிகாரர். அவர் அதைக் கேட்டுவிட்டு அப்படியே இருக்கட்டும் என்றார். உண்மை தெரிவதற்கு இது மேல்.

2007 ஜூலையில், சாப்பாட்டு இடைவேளை முடிந்து வகுப்புக்குப் போனபோது பிள்ளைகள் ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மணி பிளாண்ட் கொடி வைத்திருந்தார்கள். சுற்றுச்சூழல் பாடத்துக்காகக் கொண்டுவந்தது. கடைசி மேசையில் இருந்த ஷாசியா என்ற சிறுமி அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். கெட்டிக்காரப் பெண், நன்றாகப் படம் வரைவாள். "மிஸ், இது ஒங்கள மாதிரியே இருக்கு" என்றாள். அவள் கேலியாகச் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பித் தேதியை எழுதினேன். எழுதி முடித்த பிறகும் திரும்ப முடியவில்லை.

அன்று இரவு அவரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். குழந்தைகளுக்குத் தெரிந்தால் பெற்றோருக்குத் தெரிய எத்தனை நாள் ஆகும்? சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளி, அதில் ஒரு டீச்சரின் முகம் ஒயின் பாட்டிலில். எனக்கு வேலை போய்விடும் என்று பயமாக இருந்தது. அதைவிட, யார் கையிலோ அந்த முகம் இருக்கிறது, அவன் அதைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறான் என்பதை அன்றுதான் முழுதாக உணர்ந்தேன். சொன்னபோது என் குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது. எப்படியாவது எடுத்துடறேன் என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். மீதி இருந்த ஐந்து வருடமும் அந்த வேலையில்தான் போயிற்று.

மறுநாளே வில்லியனூர் போனார். புது லேபிள் வரைந்து தருகிறேன், கூலி வேண்டாம், பழையதை எடுத்துவிடலாம் என்றார். லூர்துசாமி நல்ல மனிதர், கோபப்படவில்லை.

"தம்பி, ஒயின நான் போடறேன். ஆனா விக்கிறது அந்தப் பொண்ணு. அவள எறக்கிட்டு நான் என்னத்த விக்கிறது? காரணம் சொல்லு, யோசிக்கிறேன்."

காரணத்தை எப்படிச் சொல்வது? சொன்ன அன்றைக்கே அது கம்பெனி முழுக்கப் பரவும், அங்கிருந்து கடைகளுக்கு, கடைகளிலிருந்து குடிக்கிறவர்களுக்கு. இதுவரை சிரிக்கிறவளாக இருந்தவள் செம்பியன் பொண்டாட்டி ஆகிவிடுவாள். அதனால் டிசைன் பழசாகிவிட்டது என்றார். விற்கிற வரைக்கும் எதுவும் பழசில்லை என்றார் லூர்துசாமி.

அடுத்து, தன் லேபிளைத் தானே தோற்கடிக்கப் பார்த்தார். ஒரு மீன்கொத்தி வரைந்தார், நீலமும் செம்மண் நிறமும். ஒரு பாய்மரப் படகு வரைந்தார். இரண்டும் அழகு. லூர்துசாமி மனசு வைத்து நூறு பாட்டிலில் மீன்கொத்தியை ஒட்டி, கடையில் சிரிக்கிறவளுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். மாதம் முடிந்தபோது மீன்கொத்தி அப்படியே நின்றுகொண்டிருந்தது. இவர் வீட்டுக்கு வந்து என்னைவிட அவள் கெட்டிக்காரி என்றார். அவள் என்று எங்கள் வீட்டில் அப்போது சொன்னால் அது நானில்லை, பாட்டிலில் இருக்கிறவள்.

பிறகுதான் அந்த வழி கிடைத்தது. மது பாட்டில் லேபிளை நினைத்தபோது மாற்ற முடியாது, ஆண்டுக்கொரு முறை கலால் அலுவலகத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்காக அச்சகத்தில் புதிதாக அச்சுப் பிளேட்டும் மாதிரியும் போடுவார்கள். போன வருட லேபிளையும் இந்த வருட லேபிளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர் யாரும் இல்லை என்பதை அவர் கவனித்தார். கணினியில் ஒரு முகம் என்பது கோடுகளும் அவற்றை இழுத்துப் பிடிக்கும் சின்னச் சின்னப் புள்ளிகளும்தான். ஒரு புள்ளியை அரை மில்லிமீட்டர் நகர்த்தினால் யாருக்கும் தெரியாது, ஆனால் மூக்கு வேறொருத்தியுடையது ஆகிவிடும்.

2008இல் மூக்கை மாற்றினார். லூர்துசாமி கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். நான் வீட்டில் பார்த்தேன். எனக்கும் சட்டென்று தெரியவில்லை, அவர் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. யார் மூக்கு என்றேன். "நம்ம சிங்காரம் மூக்கு. அவன்கிட்ட சொல்லிடாத" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று இருவரும் சிரித்தோம்.

வருடத்துக்கு ஒன்று. அதுதான் கணக்கு. அதற்கு மேல் போனால் பிடிபட்டுவிடும். 2009இல் புருவம். 2010இல் பொறுமை இழந்து, உதடு, மோவாய் இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டார். மாதிரி போன மறுநாள் லூர்துசாமி போன் செய்தார். பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லையா தம்பி, மெலிஞ்சாப்ல இருக்காளே என்றாராம். இவர் பயந்துபோய் அச்சுக் கோளாறு என்று சொல்லி மோவாயைப் பழையபடி வைத்துக் கொடுத்தார். அதை மாற்ற இன்னொரு வருடம் காத்திருந்தார்.

இதை வேகமாகச் சொல்லிவிட்டேன். அந்த வருடங்கள் அப்படிப் போகவில்லை. காலை ஏழு மணிப் பேருந்து, இரவு எட்டு மணிக்கு வீடு. கண்ணுக்கு மூன்று முறை கண்ணாடி மாற்றினார். கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது என்று பட்டை போட்டுக்கொண்டு வேலை பார்த்தார். மற்றவர்களுடைய கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவசரமாகச் செய்து கொடுத்துக்கொண்டே, நடுவில் கிடைக்கிற பத்து நிமிடத்தில் அந்தக் கோப்பைத் திறந்து ஒரு கோட்டை இழுத்துப் பார்த்துவிட்டு மூடுவார். யாருடையதும் இல்லாத ஒரு முகம் வேண்டும் என்றார். அது கிடைக்கவே இல்லை. எதை மாற்றினாலும் கொஞ்ச நேரத்தில் அது தெரிந்த யாரோ மாதிரி ஆகிவிடும். ஒரு தடவை ஆலப்பாக்கத்தில் பஸ் ஏறுகிற பூக்காரம்மா வந்துவிட்டார், மூன்று நாள் வேலையை அழித்தார். என்னை எடுத்துவிட்டு இன்னொரு வீட்டுப் பெண்ணை அங்கே வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

2011இல் ஒருநாள் கடைத்தெருவில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெல்ரோஸ் பாட்டில் நின்றிருந்தது. நான் அதைக் கடந்து பத்தடி போன பிறகுதான், அதைப் பார்த்து எனக்கு நெஞ்சு பதறவில்லை என்று தெரிந்தது. திரும்பி வந்து பார்த்தேன். மூக்கு, புருவம், உதடு, மோவாய். கண் மட்டும்தான் என்னுடையது. எனக்கும் அந்த ஆறு வருடத்தில் வயது ஏறியிருந்தது, கன்னம் தளர்ந்து முன்நெற்றி நரைத்துவிட்டது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தோம்.

வீட்டில் அவரிடம் கேட்டேன். "இப்ப இருக்கறது யாருங்க?"

"யாரும் இல்ல எழிலு. அதுக்குத்தான இவ்ளோ பாடு."

"போதும், வுட்டுடுங்க. யாருக்கும் இனிமே தெரியாது."

"கண்ணு இருக்குதே" என்றார்.

கண்ணை மாற்றுவதுதான் கஷ்டம் என்று முதலிலிருந்தே அவருக்குத் தெரியும், அதனால்தான் கடைசிக்கு வைத்திருந்தார். அந்தப் பார்வைதான் விற்றது. அடுத்த பாட்டிலைப் பார்க்கிற அந்தச் சாய்வு போய்விட்டால் லூர்துசாமி ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். சாய்வு இருக்க வேண்டும், ஆனால் கண் வேறாக இருக்க வேண்டும். 2012க்கான ஒப்புதலில் அதைச் சேர்த்துவிடலாம் என்று மார்கழியில் வேலையைத் தொடங்கினார். டிசம்பர் முப்பதாம் தேதி 'தானே' புயல் வந்தது. அச்சகத்தின் கூரைத் தகடு பறந்து கணினி நனைந்தது. கடலூரில் பல இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. புதிதாக எதுவும் செய்ய முடியாமல் அந்த வருடம் பழைய பிளேட்டிலேயே அச்சடித்தார்கள். ஆறு மாதம் கழித்து வேறு கணினியில் முதலிலிருந்து ஆரம்பித்தார். அதற்குள் மின்வெட்டு பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று போனது. ஒரு நாளைக்கு அவருக்கென்று கிடைத்த நேரம் கால் மணிகூட இருக்காது.

செப்டம்பர் கடைசியில் ஒருநாள், வலதுபுறம் சரியாக வந்துவிட்டது என்று சொன்னார். எனக்கு விடைத்தாள் வேலை இருந்தது. சரிங்க என்றேன். என்ன வலதுபுறம் என்று கேட்கவில்லை.

காரியம் முடிந்து, நவம்பர் முதல் வாரத்தில் அவருடைய பொருள்களை எடுத்துப் போகச் சிங்காரம் அண்ணன் வரச் சொன்னார். ஒரு ஸ்வெட்டர், இரண்டு கண்ணாடி, ஒரு டிபன் பாக்ஸ், கழுத்துப் பட்டை. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்திருந்தார். ஒரு மணிக்கு மின்சாரம் வந்ததும் கணினியைப் போட்டு, தங்கச்சி இத ஒரு தடவ பாத்துடுங்க, லூர்துசாமி அய்யா பிளேட்டு கேட்டுக்கினே இருக்காரு என்றார்.

திரையில் அந்தப் பெண் பெரிதாக இருந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னார், நான் நின்றுகொண்டே பார்த்தேன். கடைசியாகச் சேமித்தது அவர் இறந்த அன்று காலை ஒன்பது ஐம்பத்தாறுக்கு என்று சிங்காரம் அண்ணன் காட்டினார். கரண்டு போவதற்கு நான்கு நிமிடம் முன்பு.

"எதுக்கு இந்தப் பயபுள்ள இதுல கெடந்து மாரடிச்சான்னு எனக்கு இன்னமும் புரியல. அந்தப் பொண்ணு நல்லாத்தான இருந்தா" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. ஏழு வருடம் அதை அச்சடித்தவர், நான் அவர் முன்னால் நிற்கிறேன், அவருக்குத் தெரியவில்லை. அந்த அளவுக்கு என் கணவர் வேலையை முடித்திருந்தார்.

இதையே பிளேட் போடட்டுமா, இல்லை போன வருடத்துப் பிளேட்டே போதுமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் தண்ணீர் எடுத்து வர உள்ளே போனார். நான் திரைக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். வலது கண் யாருடையதும் இல்லை. இடது கண்ணை அவர் இன்னும் தொடவில்லை.